உத்தரவு வந்த பிறகு படைத்தலைவனுக்கு எத்தனை வழி?

தலைநகரில் லட்சக்கணக்கில் ஜனங்கள் தெருவில் நிற்கிறார்கள். போலீஸ் ஓய்ந்துவிட்டது. மாளிகையிலிருந்து ராணுவத் தளபதிக்குப் போன் வருகிறது: விடிவதற்குள் தெரு காலியாக வேண்டும். 2024 ஆகஸ்டில் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து பாளையங்கோட்டையில் எங்கள் நண்பர்களுக்குள் அடிக்கடி கிளம்பும் பேச்சு இது. அந்தத் தளபதிக்கு உண்மையில் எத்தனை வழி இருக்கிறது? எந்த வழியில் நாட்டுக்குச் சேதம் குறைவு?

முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். சொன்னபடி சுடலாம். முகாமை விட்டு நகராமல் ஒதுங்கிக்கொள்ளலாம். அணி மாறி மக்களோடு நிற்கலாம். மக்கள் பெயரைச் சொல்லி நாற்காலியைத் தானே பிடிக்கலாம். ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது தளபதிக்கானது அல்ல, சிப்பாய்க்கானது: சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போவது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் தூரத்தில் இருப்பதாகத் தோன்றலாம். 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான செய்தி கேட்டுத் திருநெல்வேலி கொதித்தபோது சுட்டது போலீஸ். நான்கு பேர் செத்தார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேரைச் சுட்டுக் கொன்றதும் போலீஸ்தான். பட்டாளம் என்றால் நமக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீட்புக்கு வந்த ஆட்கள். சர்வாதிகார நாடுகளிலும் வரிசை இதேதான்; முதலில் போலீஸ், பிறகு உளவுப் பிரிவு, கட்சிக்காரக் குண்டர்கள். இவ்வளவு பேரும் தோற்ற பிறகுதான் ராணுவத்துக்குப் போன் போகும். அதனால் போன் வரும் அந்த நேரத்தில் போன் செய்கிறவரைவிட எடுக்கிறவருக்குத்தான் பலம் அதிகம். பல தளபதிகளுக்கு இது அந்த நிமிஷத்தில் புரிவதில்லை.

சரி, முதல் வழி. மக்களைச் சுட்டால் ஆட்சி கவிழும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நல்ல மனசு, ஆனால் உண்மை இல்லை. 1989 ஜூன் 4 அன்று பெய்ஜிங்கில் சுட்டார்கள். அந்தக் கட்சிதான் இன்றைக்கும் ஆள்கிறது. 2011-இல் பஹ்ரைனில் அடக்கினார்கள். அரச குடும்பம் அப்படியே இருக்கிறது. சுடுவது பலிக்கும். ஆனால் அதற்கு ஒரு முன்வேலை வேண்டும். சுடுகிறவன் கண்ணுக்கு எதிரே நிற்கிறவன் அந்நியனாகத் தெரிய வேண்டும்.

இந்த முன்வேலையை நம் ஊரிலேயே பார்க்கலாம். 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்த பிறகு கம்பெனி அதிகாரிகளுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த நவம்பரில் பாளையங்கோட்டைக் கோட்டையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரிக்கு ஒரு வதந்தி வந்தது, முஸ்லிம் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று. அவர் முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதத்தைப் பிடுங்கிக் கோட்டைக்கு வெளியே துரத்தினார், மற்றவர்களை உள்ளே வைத்துக்கொண்டார். பின்னால் அவர்மேல் ராணுவ விசாரணை நடந்தது, விடுதலையும் ஆனார். (இதே வெல்ஷ் அதற்குச் சில வருஷம் முன்னால் சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டவர். அப்புறம் 1801-இல் அதே மருதுவுக்கு எதிராகப் போருக்குப் போனார்.) ஒரே படைக்குள் யார் நம்மவன், யார் அடுத்தவன் என்று கோடு போட்டு வைப்பது, அந்தக் கோட்டை நம்பி ஆள்வது. இருநூறு வருஷம் கழித்து சிரியாவில் அசாத் குடும்பம் செய்ததும் இதுதான். அதிகாரிகளில் பெரும்பாலோர் அசாத் குடும்பத்தைப் போலவே அலவி என்ற சிறுபான்மைப் பிரிவினர், முக்கியமான நான்காம் டிவிஷன் அதிபரின் தம்பி மாஹிர் கையில். பஹ்ரைனில் ஷியாக்கள் பெரும்பான்மை; படையில் அவர்களுக்கு அநேகமாக இடமே இல்லை, பாகிஸ்தான் போன்ற வெளிநாடுகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். அதுவும் போதாமல் 2011 மார்ச் 14 அன்று சவுதிப் படை பாலத்தைக் கடந்து வந்தது.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். கோத்தபய ராஜபக்சே தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான், இருந்தாலும் இந்தக் கணக்கு அவருக்கும் பொருந்தும். 2022 ஜூலை 9 அன்று கொழும்பில் கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. ராணுவம் அவர்களைக் கொன்று குவிக்கவில்லை. நான்கு நாள் கழித்து அவர் விமானப்படை விமானத்தில் மாலத்தீவுக்குப் போனார். டிவியில் அதைப் பார்த்துவிட்டு இங்கே சிலர் "சிப்பாய்களும் மக்கள்தானே" என்று உருகினார்கள். 2009-இல் முள்ளிவாய்க்காலில் அதே ராணுவம் என்ன செய்தது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏறக்குறைய முழுக்கச் சிங்களச் சிப்பாய்களைக் கொண்ட படை. கொழும்பில் போராட்டம் நடந்த காலிமுகத்திடலில் நின்றவர்களில் அவர்களுடைய தம்பி தங்கைகள் இருந்தார்கள், வன்னியில் இல்லை. ஒரு ராணுவம் மக்களைச் சுடுமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மக்களை என்று கேட்க வேண்டும்.

இந்தக் கோடு எப்போதும் வேலை செய்யுமா? 1930 ஏப்ரலில் பெஷாவரில் வேலை செய்யவில்லை. பட்டான் முஸ்லிம்களின் கூட்டத்துக்கு எதிரே இமயமலை அடிவாரத்து இந்துக்களான கார்வால் ரைபிள்ஸ் வீரர்களை நிறுத்தினால் கை நடுங்காது என்பது வெள்ளைக்காரக் கணக்கு. சந்திர சிங் கார்வாலியும் அவருடைய ஆட்களும் மறுத்துவிட்டார்கள். துப்பாக்கியைத் திருப்பி அதிகாரிகளைச் சுடவும் இல்லை, வெறுமனே மறுத்தார்கள். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. காந்தி அவர்களைப் பாராட்டியிருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. சுட மறுத்த சிப்பாய் சத்தியத்தை மீறுகிறான், நாளைக்கு நானே ஆட்சிக்கு வந்தால் இதே சிப்பாய்களைத்தானே வைத்துக்கொள்ளப் போகிறேன் என்ற பொருளில் 1931-இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரிடம் பேசினார். எனக்கு இது இன்றுவரை ஜீரணமாகவில்லை. ஆனால் அவர் தொட்ட சிக்கல் நிஜமானது: இன்றைக்கு நமக்குப் பிடித்த காரணத்துக்காக உத்தரவை மீறுகிற படை, நாளைக்கு நமக்குப் பிடிக்காத காரணத்துக்காகவும் மீறும்.

தனியாக மறுப்பதில் இன்னொரு குறை உண்டு. பெய்ஜிங்கில் 38-ஆம் படையின் தளபதி சூ சின்சியான், 1989 மே மாதம் படையைத் தலைநகருக்குள் கொண்டுவா என்று சொன்னபோது முடியாது என்றார். ஐந்து வருஷம் ஜெயில், கட்சியிலிருந்து நீக்கம். ஆனால் அவருடைய படை நிற்கவில்லை. வேறு அதிகாரிகளின் கீழ் அதே 38-ஆம் படை மேற்கிலிருந்து சாங்கான் சாலை வழியாக நகருக்குள் வந்தது. முஷிடி பகுதியில் செத்தவர்கள் ஏராளம். அவருடைய மனச்சாட்சி அவரைக் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

கடையநல்லூர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தப் பேச்சில் அதிகம் வாய் திறக்க மாட்டார். ஒருநாள் சொன்னார்: "சுடுறவன் எதிர்ல நிக்கவனப் பாக்க மாட்டான் தம்பி. பக்கத்துல நிக்கவனத்தான் பாப்பான். அவன் தூக்குனா இவனும் தூக்குவான், அவன் எறக்குனா இவனும் எறக்குவான்." பந்தியில் முதல் ஆள் எழும்வரை இலைக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருப்பது போலத்தான். ஆராய்ச்சிக்காரர்கள் பெரிய பெரிய அட்டவணை போட்டுச் சொல்வதும் இந்த விஷயத்தைத்தான். ஒவ்வொரு அதிகாரியும் யோசிப்பது 'எது நியாயம்' என்பதை மட்டும் அல்ல. 'மற்றவர்கள் என்ன செய்வார்கள்' என்பதை. ஜெயிக்கிற பக்கம் சேர்ந்தால் வீரன், தோற்கிற பக்கம் சேர்ந்தால் துரோகி. தண்டனை அநேகமாக எல்லா நாட்டு ராணுவச் சட்டத்திலும் ஒன்றுதான். நம் 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்திலும் கலகத்துக்கு மரண தண்டனை வரை உண்டு.

அதனால்தான் மூன்றாவது வழி, அணி மாறுவது, பார்க்க அழகாகவும் செய்ய ஆபத்தாகவும் இருக்கிறது. அழகாக நடந்த இடம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா. 1986 பிப்ரவரி 22 அன்று பாதுகாப்பு மந்திரி என்ரிலேயும் துணைத் தளபதி ராமோஸும் அதிபர் மார்க்கோஸை விட்டு விலகி இரண்டு முகாம்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உண்மையில் என்ரிலேயின் ஆட்கள் ஆட்சிக் கவிழ்ப்புக்குத் திட்டம் போட்டு, அது தெரிந்துபோய், தப்பிக்க வழியில்லாமல்தான் அங்கே போனார்கள். சில நூறு பேர்; மார்க்கோஸ் அன்று ராத்திரியே அடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் சின், திருச்சபை வானொலியான ரேடியோ வெரித்தாஸில் பேசினார், முகாமைச் சுற்றி நில்லுங்கள், சாப்பாடு கொண்டு போங்கள் என்று. எட்ஸா சாலை நிறைந்தது. டாங்கிக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையோடு முழங்காலிட்டார்கள். டாங்கியில் வந்த மரீன் படைக்காரர்கள் திரும்பிப் போனார்கள். 24-ஆம் தேதி காலையில் முகாமைத் தாக்க வந்த ஹெலிகாப்டர்கள் சொதேலோ என்ற அதிகாரியின் தலைமையில் முகாமுக்குள்ளேயே இறங்கி அணி மாறின. மறுநாள் மார்க்கோஸ் நாட்டில் இல்லை.

இந்தக் கதையை எல்லாரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். அடுத்த நான்கு வருஷத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மார்க்கோஸை எதிர்த்துத் தேர்தலில் நின்ற கொராசோன் அக்கினோவை அதிபர் நாற்காலியில் உட்கார வைத்த அதே இளம் அதிகாரிகள், நாங்கள்தானே உட்கார வைத்தோம் என்று அவருக்கு எதிராகத் திரும்பத் திரும்பக் கலகம் செய்தார்கள். 1987 ஆகஸ்டிலும் 1989 டிசம்பரிலும் நடந்தவை பெரிய அளவில்.

படை பாதியாக உடைந்தால் இன்னும் மோசம். ருமேனியாவில் 1989 டிசம்பர் 22 அன்று ராணுவம் அதிபர் சௌசெஸ்குவைக் கைவிட்டது. அந்தப் புரட்சியில் செத்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகு, யார் யார் பக்கம் என்று தெரியாத குழப்பத்தில் செத்தவர்கள். லிபியாவில் கடாஃபியை விட்டு வந்த தளபதி அப்துல் ஃபத்தா யூனிஸை 2011 ஜூலையில் கொன்றது எதிரணியில் இருந்தவர்களே. சிரியாவில் 2011 கோடையில் ஓடி வந்த சிப்பாய்களையும் அதிகாரிகளையும் வைத்துச் சுதந்திர சிரியப் படை உருவானது. ஆனால் வந்தவர்கள் தனித்தனியாக, கையில் ஒரு துப்பாக்கியோடு வந்தார்கள். டிவிஷன் டிவிஷனாக வரவில்லை. டாங்கியும் விமானமும் அசாத்திடமே இருந்தன. பதின்மூன்று வருஷப் போர் அங்கிருந்து ஆரம்பித்தது.

திருநெல்வேலிச் சீமை இதை அதற்கு முன்பே பார்த்திருக்கிறது. கம்பெனியின் சிப்பாய்ப் படைத்தலைவனாக நெற்கட்டும்செவல் வரை வந்து பூலித்தேவரை ஒடுக்கிய யூசுப் கான், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அதிகாரியான பிறகு, கம்பெனிக்கும் நவாபுக்கும் எதிராகத் திரும்பினான். மதுரைக் கோட்டையை வெளியிலிருந்து உடைக்க முடியவில்லை. கடைசியில் அவனிடமே வேலை பார்த்த பிரெஞ்சுக்காரன் மர்ச்சாந்தும் திவான் சீனிவாச ராவும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு. தனக்குக் கீழே இருப்பவர்களும் அணி மாறலாம் என்பதை அணி மாறியவன் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவன் எழுந்தது மக்களுக்காகவா, தன் நாற்காலிக்காகவா என்று இன்றைக்கும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்தச் சந்தேகம்தான் நான்காவது வழி.

நான்காவது வழியைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது. வெளியிலிருந்து பார்த்தால் அது அணி மாறுதல் மாதிரியே இருக்கும், அதுதான் மோசம். 2011 பிப்ரவரியில் கெய்ரோவில் "ராணுவமும் மக்களும் ஒரே கை" என்று கோஷம் போட்டு டாங்கி மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 11-ஆம் தேதி அதிபர் முபாரக் இறங்கினார், அதிகாரம் ராணுவ உச்ச மன்றத்தின் கைக்குப் போனது. எகிப்து ராணுவத்துக்கு மாக்ரோனி முதல் சிமெண்ட் வரை சொந்தத் தொழில் உண்டு. முபாரக் போனாலும் அந்தத் தொழில் போகக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. அதே வருஷம் அக்டோபரில் கெய்ரோவின் மஸ்பெரோ பகுதியில் ராணுவ வண்டிகள் கிறிஸ்தவ ஊர்வலத்தின் மேல் ஏறின. 2013 ஜூலை 3 அன்று தளபதி சிசி தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபரைப் பதவியிலிருந்து இறக்கினார். ஆகஸ்ட் 14 அன்று ராபா சதுக்கத்தில் ஒரே நாளில் எட்டு நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்குச் சொன்னது. சூடானில் 2019 ஏப்ரல் 11 அன்று அதிபர் பஷீரை இறக்கிய தளபதிகளின் ஆட்சியில், ஜூன் 3 அன்று ராணுவத் தலைமையகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களை வெட்டியும் சுட்டும் கலைத்தார்கள். 2021-இல் முழு ஆட்சியையும் பிடித்தார்கள், 2023 ஏப்ரலில் அந்தத் தளபதிகளே ஒருவரோடு ஒருவர் போருக்குப் போனார்கள். அது இன்னொரு பெரிய கதை.

மீதம் இருப்பது ஒதுங்கிக்கொள்வது. இதில் வீரம் ஒன்றும் இல்லை, சிலை வைக்க மாட்டார்கள். துனீசியாவில் 2011 ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி ஓடியபோது அந்த நாட்டு ராணுவம் செய்தது அநேகமாக இதுதான்: சுடவில்லை, நாற்காலிக்கும் வரவில்லை. சின்ன ராணுவம், சொந்தத் தொழில் கிடையாது, பென் அலி போலீஸையே வளர்த்து இவர்களை ஒதுக்கி வைத்திருந்தார். இழக்க அவர்களுக்கு அதிகம் இல்லை.

டாக்காவில் நடந்தது கொஞ்சம் சிக்கலானது. 2024 ஜூலையில் போலீஸும் ஆளுங்கட்சி ஆட்களும் மாணவர்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். ஜூலை 19 ராத்திரி ஊரடங்கு போட்டு ராணுவத்தை இறக்கினார்கள். ஆகஸ்ட் 3 அன்று தளபதி வாக்கர் உஸ் ஸமான் அதிகாரிகளைக் கூட்டிப் பேசினார். கீழ்மட்ட அதிகாரிகள் கொதித்துப் போயிருந்தார்கள். மறுநாள் முன்னாள் தளபதி இக்பால் கரீம் புய்யானும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் படையை முகாமுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். ஐ.நா. அமைதிப்படைக்கு அதிகம் ஆள் அனுப்பும் நாடுகளில் ஒன்று வங்கதேசம். அடக்குமுறையில் இறங்கினால் அந்த இடம் போய்விடலாம் என்று எச்சரித்ததாக ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஃபோல்கர் டர்க் பின்னால் சொன்னார். ஆகஸ்ட் 5 அன்று ராணுவம் சுடவில்லை, பிரதமர் ஹசீனா டில்லிக்குப் பக்கத்தில் வந்து இறங்கினார். 1975-லும் 1982-லும் ஆட்சியைப் பிடித்துப் பழகிய ராணுவம், இந்தத் தடவை முகமது யூனுஸின் இடைக்கால அரசுக்கு வழிவிட்டது.

ஆனால் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை செத்திருக்கலாம் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு. ஒதுங்கி நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அடுத்தவன் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒதுங்கல் இல்லை. காலம் தாழ்த்தினால் ஒதுங்கியவருக்கும் லாபம் இல்லை. ஈரானில் 1978 செப்டம்பர் 8 அன்று ஜாலே சதுக்கத்தில் சுட்ட ராணுவம், மன்னர் ஷா நாட்டை விட்டுப் போன பிறகு 1979 பிப்ரவரி 11 அன்றுதான் நடுநிலை என்று அறிவித்தது. நான்கு நாள் கழித்து ஒரு பள்ளிக்கூட மொட்டை மாடியில் நான்கு ஜெனரல்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஆக, என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான், ஆனால் சீக்கிரமாகவும் வாய் திறந்தும் செய்ய வேண்டும். முதல் பிணம் விழும் முன்பே, அதிகாரிகளைக் கூட்டி வைத்து, "சுட மாட்டோம், ஆளவும் மாட்டோம்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்கிறவரைக் கண்டால் எனக்கு கெய்ரோ ஞாபகம் வரும். வாய் திறந்து சொல்வது எதற்கு என்றால், அண்ணாச்சி சொன்ன அந்தப் பக்கத்து ஆளுக்கு அப்போதுதான் தெரியும்.

தளபதி இதைச் செய்யாவிட்டால் சிப்பாய் ஐந்தாவது வழியில் போவான், எப்போதாவது. 2024 நவம்பர் 27 அன்று கிளர்ச்சிக்காரர்கள் அலெப்போவை நோக்கிக் கிளம்பியபோது சிரிய ராணுவம் நிற்கவே இல்லை. டிசம்பர் 4 அன்று அசாத் சிப்பாய்களுக்கு ஐம்பது சதவீதம் சம்பள உயர்வு அறிவித்தார். டிசம்பர் 8 அன்று தமாஸ்கஸ் தெருக்களில் கழற்றிப் போட்ட சீருடைகள் கிடந்தன.

இந்தக் கணக்கெல்லாம் உடைகிற இடம் மியான்மர். அங்கே ராணுவம்தான் ஆட்சி, கம்பெனிகளும் அவர்களுடையவையே. 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பிடித்த தளபதியிடம் போய் ஒதுங்கிக்கொள் என்று சொல்ல முடியாது, ஒதுங்க அவருக்கு வேறு இடம் இல்லை. அங்கே அணி மாறியவர்கள் ஆயிரக்கணக்கில், ஆனால் பெரும்பாலும் கேப்டன், மேஜர் மட்டம் வரைதான். பட்டாலியனே சேர்ந்து வந்தது அபூர்வம். சிப்பாய் குடும்பங்கள் முகாமுக்குள்ளேயே லைன் வீடுகளில் இருக்கின்றன. வெளியே போக வர அனுமதி வேண்டும். எல்லைக் காடுகளில் அவர்களுக்கு அடைக்கலம் கொடுக்கிற அமைப்புகளிடம் ஓட நினைக்கிற சிப்பாய் முதலில் கேட்பது தன் உயிரைப் பற்றி அல்ல. பெண்டாட்டி பிள்ளையை லைனிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது என்பதைத்தான்.